பனிக்காலம் கடக்கும் கடுகும் நம் கையில் மிஞ்சும் விதையும்

இந்த ஏட்டின் வாசகர்களில் பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கோவாத் தோட்டம் செய்தவர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தோட்டத்துக் கோவா பூத்து, காய்த்து, விதை கட்டியதைக் கண்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் கண்டிருக்க மாட்டீர்கள். கோவா இலை சுருட்டித் திரளும். வெட்டாமல் விட்டால் வெடிக்கும், பிறகு அழுகும். பூ மட்டும் வராது. ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் கடையில் விதை வாங்குகிறோம். அந்த விதை குளிர்நாடொன்றில் விளைந்து கடல் கடந்து வருகிறது. கரட், பீற்றூட் விதைகளின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

ஏன் இப்படி என்று விளங்கிக்கொள்ள, கோவாவின் இரத்த உறவான வேறொரு பயிரைப் பார்ப்போம். ஜேர்மனியிலோ பிரான்சிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகள் ஏப்ரல், மே மாதங்களில் எடுத்து அனுப்பும் படங்களில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மஞ்சளாய்ப் பூத்த வயல்களைக் கண்டிருப்பீர்கள். அது சூரியகாந்தி அல்ல. ரேப் என்ற எண்ணெய்ப் பயிர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. விதையின் எடையில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு எண்ணெய். கனடாவில் இருந்து வருகிற கனோலா எண்ணெயும் இந்தச் செடியின் விதைதான். ஆனால் மேற்குக் கனடாவின் குளிர் மிகக் கடுமையானது என்பதால் அங்கே மே மாதத்தில் விதைத்து, கோடை முடிவில் வெட்டிவிடுகிறார்கள். ஐரோப்பிய வயல்களில் உள்ளது பனிக்காலத்தை வயலிலேயே கழிக்கும் வகை. நாம் பேசப்போவது அந்த வகையைப் பற்றி.

அதை ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில் விதைக்கிறார்கள். குளிர் இறுகுவதற்குள் செடி ஆறு தொடக்கம் எட்டு இலை விட்டு, நிலத்தோடு ஒட்டியபடி வட்டமாய்ப் பரந்து கிடக்கும். வேரின் கழுத்து குறைந்தது 8 மில்லிமீற்றராவது தடித்திருக்கவேண்டும் என்பது அங்குள்ள கமக்காரரின் கணக்கு. குருத்து நிலத்தை விட்டு எழும்பியிருக்கக் கூடாது. அப்படியே டிசெம்பர், ஜனவரி, பெப்ரவரி கழியும். பிறகு எழும்பிப் பூத்து, யூலையில் அறுவடையாகும். நெல் மூன்றரை, நான்கு மாதத்தில் கைக்கு வரும் நமக்கு, ஒரு பயிர் பதினொரு மாதம் வயலில் கிடப்பது பெரிய பொறுமையாகத் தோன்றும்.

அந்தப் பனியில் செடி எப்படிச் சாகாமல் இருக்கிறது? திடீரென்று உறைபனிக்குள் விட்டால் இதே செடி செத்துப்போகும். ஆனால் வெப்பம் 2 முதல் 5 பாகை செல்சியஸ் வரை இறங்கி இரண்டு மூன்று வாரம் அப்படியே நின்றால், செடி தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இலைகளிலும் வேரிலும் சர்க்கரை சேர்க்கிறது, நீரைக் குறைத்துக்கொள்கிறது. தண்ணீர் உறைந்தால் பருக்கும், அதன் கூர்மை உயிர்க்கலத்தைக் கிழிக்கும். நீர் குறைந்து சர்க்கரை கூடிய கலத்துக்குள் பனிக்கட்டி எளிதில் உருவாகாது. உருவாகும் பனி கலங்களுக்கு வெளியே நின்றுவிடும். இப்படிப் பதப்பட்ட செடி சுழியத்துக்குக் கீழே 15 பாகை வரை தாங்கும். மேலே வெண்பனி போர்வைபோல மூடியிருந்தால் அதற்கும் கீழே தாங்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கடுங்குளிரைவிட, நடுவில் வரும் இளவெயில்தான் செடியை ஏமாற்றுகிறது. ஜனவரியில் ஒரு கிழமை வெப்பம் கூடினால், பனி போய்விட்டது என்று நம்பிச் செடி தன் தயாரிப்பைக் கைவிடும். மறுபடி உறைபனி விழுந்தால் அதிலேதான் இறப்பு அதிகம். நிலம் உறைந்தும் இளகியும் மாறிமாறி அசைவதால் வேர் அறுந்து சாகும் செடிகளும் உண்டு. ஆகவே விதைக்கிற நாள் மிக முக்கியம். முந்தி விதைத்தால் குருத்து எழும்பிவிடும். பிந்தி விதைத்தால் வேர் தடிக்காது. எத்தனை நல்ல இனமென்றாலும், தவறான கிழமையில் விதைத்தவரை அது காப்பாற்றுவதில்லை. பெரும்போக மழைக்கு முந்தியும் பிந்தியும் விதைத்து அடிபட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

குளிர் இந்தச் செடிக்குப் பகை மட்டுமல்ல, தேவையும்தான். செடிக்குள் பூப்பதைத் தடுத்துப் பிடிக்கும் ஒரு பரம்பரையலகு இருக்கிறது. பல கிழமை குளிர் பட்டால்தான் அது மெல்ல மெல்ல அடங்கும். செடி குளிர் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று சொன்னாலும் பொருந்தும். கணக்கு நிறைந்தால்தான் வசந்தத்தில் பூக்கும். இல்லாவிட்டால் இலை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். இப்போது நம் கோவாவை நினைத்துப் பாருங்கள். அதற்குள்ளும் இத்தகைய தடை உண்டு. நம் சமவெளியில் அதைத் தளர்த்தும் குளிர் என்றைக்கும் வருவதில்லை. கோவா மலடு அல்ல. அதன் நாள் இங்கே வருவதில்லை, அவ்வளவுதான்.

தனியே நிற்கும் செடி

பனிக்காலம் முடிந்தபின் வயல் முன்போல நிறைந்திராது. சதுர மீற்றருக்கு 40, 50 விதை போட்ட இடத்தில் பாதிச் செடிகூட மிஞ்சாமல் போகலாம். ஆனால் ரேப் செடி கிளைவிட்டு இடத்தை நிரப்பும் இயல்புள்ளது. சமமாகப் பரந்து நின்றால், சதுர மீற்றருக்கு 15, 20 செடியே ஓரளவு நல்ல விளைச்சல் தரும். அடுத்த சிக்கல் பூக்கும் காலத்தில் வருகிறது. ஏப்ரல் மாதம் அங்கே இன்னும் குளிரும் மழையும்தான். வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால் தேனீ கூட்டை விட்டு வெளியே வர விரும்பாது. தேனீ வராவிட்டால் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்?

ரேப் செடிக்கு இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தன் பூவின் மகரந்தத்தைத் தன் சூலகமே ஏற்றுக்கொள்ளும். அதன் விதைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தன்மகரந்தச் சேர்க்கையால் உண்டாகிறது. மீதி காற்றும் தேனீயும் அயற்செடியிலிருந்து கொண்டுவருவது. தனியே ஒரு செடி தப்பினாலும் அது விதை தரும்.

இது சாதாரண விடயமாகத் தோன்றலாம். ஆனால் ரேப் செடியின் தாய்க்கும் தந்தைக்கும் இந்த இயல்பு இல்லை. ஒரு பெற்றோர் நம் கோவா இனம். மற்றது டேர்னிப் இனம். இவை இரண்டிலும் பெரும்பாலான செடிகள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. மகரந்தமணியின் மேற்பூச்சில் ஒரு புரதம் உண்டு. பூவின் குறியில் அதை இனங்காணும் இன்னொரு புரதம் உண்டு. இரண்டும் ஒரே வீட்டுக்குரியவை என்று கண்டால், குறி அந்த மகரந்தமணியை முளைக்க விடாது. சொந்தத்துக்குள் சம்பந்தம் வேண்டாம் என்று செடியே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு இது. நமது ஊர்க் கலியாணப் பேச்சுக்களில் மச்சான் மச்சாள் முறை பார்ப்பவர்களுக்கு இது சிரிப்பைத் தரலாம். கோவாவும் ரேப்பும் ஒரே பரம்பரைதான், ஆயினும் ரேப் செடியில் அந்தப் பூட்டு வேலை செய்வதில்லை. உரிய பரம்பரையலகு அடங்கிக் கிடக்கிறது.

கடுங்குளிரைத் தாங்குவதில் டேர்னிப் வகை எண்ணெய்ச் செடி ரேப்பைவிட வல்லது. ஆனால் அது அயற்செடியையும் தேனீயையும் நம்பி வாழ்கிறது. ரேப் குளிரில் சற்று மெலிது. ஆனால் தனித்து நிற்கத் தெரியும். இரண்டையும் ஒரே செடியில் சேர்க்க வேண்டும் என்று பயிர் ஆராய்ச்சியாளர் இரண்டு இனத்தையும் மீண்டும் மீண்டும் கலந்து முயன்று வருகிறார்கள்.

இரண்டு விதமான கலப்பு

ரேப் ஒரு கலப்பினம் என்பதைத் தெளிவாக எழுதிக்காட்டியவர் ஊ என்ற ஆராய்ச்சியாளர். கொரிய மொழியில் ஊ ஜாங் சுன் என்பது பெயர். 1898இல் யப்பானில் பிறந்தார். தந்தை நாடு விட்டோடி வந்த கொரியர், தாய் யப்பானியர். மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தந்தை கொலையுண்டார். வறுமையில் தாய் மகனைச் சில காலம் அநாதை இல்லத்தில் விடவேண்டி வந்தது. அந்தப் பிள்ளை 1935இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பயிரியல் மாணவர் எல்லாருக்கும் பாடம்.

அவர் காட்டியது இதுதான். கோவாவின் கலங்களில் 18 நிறமூர்த்தங்கள்; டேர்னிப்பில் 20. மகரந்தமும் சூலும் இதில் பாதியைக் கொண்டுபோகும்: 9உம் 10உம். இரண்டும் கலந்தால் 19. இந்தப் பத்தொன்பதில் ஒன்றுக்கும் சோடி இல்லை. சோடி இல்லாத செடி பெரும்பாலும் மலடு. ஆனால் எப்போதோ ஒருமுறை எண்ணிக்கை அப்படியே இரட்டித்து 38 ஆகிவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் சோடி கிடைக்கிறது. அந்தச் செடி விதை கட்டும். விதை தாயைப் போலவே முளைக்கும். அதன் பிள்ளையும் அப்படியே. ஊ அந்தக் கலப்பைத் தன் கையாலும் செய்து ரேப்பை உண்டாக்கிக் காட்டினார்.

நாம் தாளிக்கப் போடும் கடுகும் இதே வழியில் பிறந்தது. டேர்னிப்பின் 20உம் கருங்கடுகின் 16உம் சேர்ந்து 36. அதுவும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் செடி. ஆண்டவர் உவமையில் சொன்ன கடுகு கருங்கடுகுதான் என்பது பலருடைய கருத்து. அது சரியென்றால், நம் அடுப்படிக் கடுகுக்கு நற்செய்தியிலும் ஒரு பாட்டன் இருக்கிறான்.

இது பழைய கலப்பு. ஒருமுறை நடந்தது, நிலைத்தது. யாரும் அந்த விதையை வைத்துப் பெருக்கலாம். இன்றைய ஐரோப்பிய வயல்களில் இதன்மேல் இன்னொரு கலப்பு நடக்கிறது. ரேப்பிலேயே இரண்டு தூய வழிகளைத் தெரிந்தெடுத்து, ஒன்றைத் தாயாகவும் மற்றதைத் தந்தையாகவும் வைத்து, முதல் தலைமுறை விதையை விற்கிறார்கள். அந்த முதல் தலைமுறை ஓங்கி வளரும், பனிக்கு முன் விரைவாய் வேர் தடிக்கும், விளைச்சலும் கூடும். விதையும் கொஞ்சம் போதும். சதுர மீற்றருக்கு 50 விதை, ஆயிரம் விதையின் எடை ஏறத்தாழ 5 கிராம் என்று கணக்குப் பாருங்கள்: ஒரு ஏக்கருக்கு ஒரு கிலோதான்.

ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் செடியில் கலப்பு விதை எடுப்பது எப்படி? கோவாவில் இது இலகு. அது தன்னை ஏற்காது. இரண்டு வழிகளை அடுத்தடுத்த வரிசையில் நட்டால் தேனீ கலந்துவிடும். அங்கே சிரமம் அந்தத் தூய வழிகளை வைத்துக்கொள்வதில்தான். அதற்காகப் பூ விரியுமுன் மொட்டைக் கையால் திறந்து, அதே செடியின் விரிந்த பூவிலிருந்து மகரந்தம் தடவுவார்கள். மொட்டுப் பருவத்தில் குறி இன்னும் மறுக்கப் பழகியிருக்காது. ரேப்பில் நிலைமை நேர்மாறு. தாய்ச் செடியின் சொந்த மகரந்தத்தை முதலில் இல்லாமற் செய்யவேண்டும். ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு பூவாய்க் கேசரம் பிடுங்கும் வேலை அல்ல இது; ஏக்கர்க் கணக்கில் நடக்கவேண்டும். 1968இல் ஒகுரா என்ற யப்பானியர் ஒரு முள்ளங்கியில் மகரந்தமே உண்டாகாத செடியைக் கண்டெடுத்தார். அந்தக் குறைபாடு தாய்வழியாக மட்டும் இறங்குவது. பிரான்சின் ஆராய்ச்சியாளர் அதை முள்ளங்கியிலிருந்து ரேப்புக்கு மாற்றினர். தந்தை வழியில், மகரந்தத்தை மீட்டுத் தரும் இன்னொரு பரம்பரையலகை, அதையும் முள்ளங்கியிலிருந்தே கொண்டுவந்து, சேர்த்தனர். தாய் மகரந்தமில்லாதது, தந்தை மீட்பைக் கொடுப்பது, பிள்ளை பூத்துத் தானே காய்க்கும்.

கமக்காரர் அந்தப் பிள்ளையின் விதையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் என்ன நடக்கும்? மீட்புப் பரம்பரையலகு அந்தச் செடியில் ஒற்றையாகவே இருக்கிறது. சோடியில் மற்றதில் இல்லை. ஆகவே அதன் விதைகளில் நாலில் ஒன்றுக்கு மீட்புக் கிடைக்காது. அடுத்த வயலில் நாலு செடிக்கு ஒன்று மகரந்தமின்றிப் பூக்கும். தனித்து நிற்கும் ஆற்றல் அங்கே தொலைந்துவிடுகிறது. குளிர் தாங்கும் குணமோ பல பரம்பரையலகுகளின் கூட்டு வேலை. அது இன்னும் குழம்பிச் சிதறும். ஓங்கி வளர்ந்த அந்த வேகமும் பாதியாய்க் குறையும்.

அந்த நாலுக்கு ஒன்று என்ற கணக்கை முதலில் கண்டவர் ஒரு துறவி என்பதை, குருவாகிய நான் சற்றுப் பெருமையோடு சொல்ல விரும்புகிறேன். அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த மெண்டல், தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி நட்டு எண்ணி, 1865இல் அறிவித்தார். அவர் பட்டாணியைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அது தன்னைத் தானே கருவுறச் செய்யும் செடி என்பதே. 1900 வரை அந்த ஆய்வை யாரும் பெரிதாய்க் கவனிக்கவில்லை.

நமது விதைப் பொதிகள்

சில ஆண்டுகளுக்கு முன் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் நிவாரணமாகத் தக்காளி விதை கொடுக்கப்பட்டது. முதற்போகம் அருமையான காய். வழக்கம்போல நல்ல பழங்களில் விதை எடுத்துச் சாம்பல் புரட்டி வைத்தார்கள். அடுத்த போகத்தில் ஒரு தாய் என்னிடம் வந்து சொன்னார்: “சுவாமி, போனமுறை எல்லாம் ஒரே மாதிரிக் காய்ச்சது. இந்தமுறை ஒவ்வொரு கண்டும் ஒவ்வொரு அப்பனுக்குப் பிறந்த மாதிரிக் காய்க்குது.” தாவரவியலில் இதைவிடத் திருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது. பொதியின் பின்பக்கத்தில் சிறிய ஆங்கில எழுத்தில் எஃப் 1 என்று அச்சிட்டிருந்தது. கொடுத்தவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அம்மா இரண்டு மாத உழைப்பையும் தண்ணீரையும் இழந்தார்.

கலப்பின விதையை நான் பழிக்கவில்லை. வாங்கப் பணமும், அடுத்த போகமும் வாங்கலாம் என்ற உறுதியும் உள்ளவருக்கு அது நல்ல விதை. ஆனால் நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத குடும்பத்துக்கு, கையிலுள்ள விதை கடையை நம்பியதா, தன்னைத் தானே நம்பியதா என்பது பெரிய வேறுபாடு. ஒரே மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த மிளகாய்களிலேயே எம்.ஐ. 2 விதைக்கு வைக்கக்கூடியது. மிச் ஹைபிரிட் 1 வைக்கக்கூடாதது. பெயரில் ஹைபிரிட் என்றோ எஃப் 1 என்றோ இருந்தால் உண்ணவும் விற்கவும் மட்டுமே. விதை வழங்க வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல.

நெல், கச்சான், உழுந்து, பயறு, கௌபி ஆகியவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பவை. எள்ளும் பெரும்பாலும் அப்படியே. ஓடும்போது ஒரு சுண்டு விதை மடியில் முடிந்துகொண்டு போனாலும், இனம் கெடாமல் திரும்பப் பெருக்கலாம். கச்சானைக் கோதோடு வையுங்கள். உடைத்த பருப்பின் முளைதிறன் விரைவில் போய்விடும். மிளகாய் தானும் ஏற்கும், பூச்சி கொண்டுவருவதையும் ஏற்கும்; ஆகவே வேறு இனம் அருகில் இல்லாத பாத்தியின் நடுவிலுள்ள கண்டுகளில் பழம் தெரிந்தெடுங்கள். சோளன் அப்படியல்ல. காற்றில் மகரந்தம் கலப்பது. நாட்டுச் சோளன் என்றாலும் நாலைந்து கதிரில் விதை எடுத்தால் இரண்டு மூன்று போகத்தில் மெலிந்துவிடும். நூறு செடிக்குக் குறையாமல் சிறிது சிறிதாய் எடுக்கவேண்டும். பூசணிக்கும் அயற்பூ வேண்டும், தேனீயும் வேண்டும்.

ஊ ஜாங் சுன்னின் மீதிக் கதையும் விதையைப் பற்றியதுதான். யப்பானின் ஆட்சி 1945இல் முடிந்தபின் கொரியாவில் மரக்கறி விதைக்குப் பெரும் தட்டுப்பாடு. முள்ளங்கி, கோவா விதைகூட யப்பானிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1950இல், மனைவி பிள்ளைகளை யப்பானில் விட்டுவிட்டு, அழைப்பின் பேரில் அவர் கொரியா சென்றார். சில மாதத்தில் போர் தொடங்கியது. தென்கோடியில், அகதிகள் நிறைந்து வழிந்த பூசான் நகரின் பக்கத்தில், அவர் இளைஞரைச் சேர்த்துக்கொண்டு விதை பெருக்கினார். 1953இல் தாய் யப்பானில் இறந்தபோது, போய்வர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொடுத்த பணத்தில், தண்ணீர் இல்லாத தம் ஆராய்ச்சித் தோட்டத்தில் ஒரு கிணறு வெட்டினார். 1959இல் கொரியாவிலேயே இறந்தார். சாதாரண கொரிய மக்கள் அவரை விதையில்லாத வத்தகப்பழத்தைக் கண்டுபிடித்தவர் என்று நினைக்கிறார்கள். அது வேறொரு யப்பானியரான கிகாராவின் வேலை. ஊ செய்தது, அவர்களுடைய கிம்சிக்கு வேண்டிய சீனக் கோவாவுக்கும் முள்ளங்கிக்கும் சொந்த நிலத்திலேயே விதை எடுக்க வைத்ததுதான்.